தளபதிக்குக் கடைசிப் பந்தி

பனிப்புயலில் கூடாரம் படபடத்தது. நடுவிலிருந்த மின்கலப் பெட்டியில் வீரர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வெப்ப உடைக்கு மின்னேற்றிக்கொண்டார்கள். எல்லோரும் முடித்த பிறகுதான் தளபதி தன் கம்பியை நீட்டும். தளபதி மனிதர் அல்ல. தானைமதி என்ற நான்கு கால் இயந்திரம். படை பசியாறிய பிறகே தலைவன் உண்ண வேண்டும் என்ற பழைய ராணுவ வழக்கத்தை அதன் நிரலில் எழுதியிருந்தார்கள். இதற்கு முன்பிருந்த இயந்திரம் மகா புத்திசாலி. ஆனால் அதற்கு இந்த வழக்கம் இல்லை; அது ‘முன்னேறு’ என்றால், வீரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இதெல்லாம் ஏற்பாடுதான் என்று ஹவில்தார் அந்தோணிராசுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் தானைமதியின் பின்னால் போக அவர் தயங்கியதே இல்லை.

அன்று வீரர்களில் கடைசியாக அவர் உடைக்கு மின்னேற்றி முடிந்ததும் மின்கலம் காலியாகிவிட்டது.

“அந்தோணி, எனக்குச் சார்ஜ் தீரப்போகுது. என்னை விட்டுட்டு எல்லாரும் முகாமுக்கு இறங்குங்க. என் நிரலோட நகல் அங்க இருக்கு. இது கட்டளை” என்றது தானைமதி.

“சரிங்க சார்” என்றார் அவர். தானைமதியின் விளக்குகள் அணைந்ததும் கயிற்றை எடுத்தார். “தூக்குங்கடா.”

“அண்ணே, கட்டளை?” என்றான் சிப்பாய் வேலாயுதம்.

“திட்டினா வாங்கிக்குவோம். புடி.”

பாரத்தால் நடை தளர்ந்தது. பாதி வழியிலேயே உடைகளின் சூடு தீர்ந்துவிட்டது. யாரும் கயிற்றை விடவில்லை. உயிரோடு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அந்தோணிராசின் இரண்டு விரல்களைப் பனி தின்றுவிட்டிருந்தது.

தானைமதியை வடிவமைத்த பொறியாளர் நாச்சியார் மருத்துவக் கூடாரத்துக்கு ஓடி வந்தாள். அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

“தளபதியைக் காப்பாத்தப் போய் இனி யாரும் சாகக்கூடாதுன்னுதானே இயந்திரத்தையே செஞ்சோம்! ஒரு இரும்புப் பெட்டிக்காகவா விரலைக் குடுத்தீங்க? வெறும் நிரல்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் மேடம். ஆனா எங்க உடம்புல ஏறுன சூடு நிசந்தானே?”

“அந்த வழக்கத்தையே அழிச்சிடறேன். அடுத்த தடவை பேசாம விட்டுட்டு வருவீங்க.”

“அழிங்க. விட்டுட்டு வர்றதுக்கு, மொதல்ல அது பின்னால நாங்க போகணுமே.”

நாச்சியார் தன் கணினியில் தானைமதியின் நிரலைத் திறந்தாள். பிறகு, எதையும் அழிக்காமல், தளபதியைத் தூக்குவதற்கு வசதியாக அதன் முதுகில் நான்கு கைப்பிடிகள் வரையத் தொடங்கினாள்.