பல்லால் உரித்த வயர்

பேட்டரியைக் கழற்றி ஓரமாக வைத்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் டேஷ்போர்டுக்கு அடியில் தொங்கிய அந்தச் சாம்பல் நிற வயர் மட்டும் கதகதப்பாகவே இருந்தது. ஷார்ட் ஆன வயரின் கொதிப்பு இல்லை, காந்தல் வாசனையும் இல்லை. காய்ச்சல்காரனின் போர்வைக்குள் கையை விட்டு அவன் விரலைப் பிடித்தால் எப்படி இருக்குமோ அப்படி, லேசாக வியர்த்து, கொழகொழத்த ஒரு சூடு.

கட்டர் கையை இழுத்துப் பேண்டில் துடைத்துக்கொண்டார். கட்டர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. முப்பது வருஷமாகக் கார்களுக்கு வயரிங் செய்கிறவர். வயரின் மேல்தோலை உரிக்க ஒரு கருவி இருப்பதை மறந்தே போய், முன்பல்லால் கடித்து ஒரே இழுப்பில் செம்பை வெளியே எடுத்துவிடுவார். அவர் உரித்த வயர்களை முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய்த் திரும்பி, இங்கே ஒரு விளக்குப் போடவும் மிச்சம் இருக்கும் என்று பக்கத்து டிங்கர் கடைக்காரர் சொல்வார். அதில் பாதியாவது உண்மை. அந்த முன்பல் போன மாதம் உதிர்ந்து, பல் டாக்டர் புதுப் பல் வைத்து நாலே நாள் ஆகியிருந்தது.

"இந்தப் பல்லு வயர்மேல பட்டுச்சு, ஊசி நூல் எடுத்து உங்க வாயை நானே தைச்சுருவேன்" என்று காலையில் மனைவி சொல்லியிருந்தாள்.

"தைச்சுட்டா நீ யார்கூட சண்டை போடுவ?"

"இப்ப மட்டும் பதிலா சொல்றீங்க? பல்லைத்தான காட்டுறீங்க."

காரைக் கொண்டுவந்து விட்டவர் கணக்கு வாத்தியார். பழைய வண்டி, வாங்கிப் பத்து நாள்.

"பின்னாடி இருக்கிற ரெண்டு ஸ்பீக்கரையும் அணைக்க டேஷ்போர்டுல ஒரு சுவிட்ச் வேணும் தம்பி."

"செட்லயே சத்தத்தை முன்னாடி தள்ளிக்கலாமே சார்?"

"தள்ளிப் பாத்தாச்சு. பாட்டு முன்னாடி வந்துருது. அந்தச் சத்தம் மட்டும் பின்னாடியே நிக்குது."

"எந்தச் சத்தம்?"

வாத்தியார் காரைப் பார்க்காமல் சொன்னார். "வாயைத் திறந்து வச்சுக்கிட்டு யாரோ மெல்லுற மாதிரி."

"எலியா இருக்கும் சார்."

"எலின்னா முழுங்கும்ல? இது மெல்லுது, மெல்லுது, முழுங்கவே மாட்டேங்குது." அஞ்சு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு நடந்தே போய்விட்டார்.

வேலை சின்னதுதான். பின் ஸ்பீக்கர்களுக்குப் போகும் இரண்டு வயர்களை நடுவில் வெட்டி, நாலு முனைகளையும் சுவிட்சின் நாலு காலில் சேர்க்க வேண்டும். அதற்கு முன் ஸ்பீக்கர்களை ஒரு பார்வை பார்ப்போமே என்று பின் சீட்டுக்கு மேலிருந்த பலகையைத் தூக்கினார். குப்பென்று மோதியது நாற்றம். செத்த எலியின் நாற்றம் அவருக்குப் பழக்கம், இது வேறு. பல வருஷமாகப் பல் விளக்காத வாய் ஒன்று முகத்துக்கு நேராக வந்து கொட்டாவி விட்டது போல. ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதம் நனைந்து பளபளத்தது. அதைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் ஈறு மாதிரிச் சிவந்து வீங்கியிருந்தது. விரலால் தொட்டு எடுத்தார். விரலோடு நூலாக நீண்டு வந்தது எச்சில்.

"மழைத் தண்ணி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழை பெய்து நாலு மாதம்.

பிறகு முன்னால் வந்து, பெடல்களுக்கு நடுவே தலையை நுழைத்து மல்லாந்து படுத்தார். முதல் வயரை வெட்டினார். வெட்டிய முனையிலிருந்து ஒரு சொட்டு அவருடைய மேலுதட்டில் விழுந்தது. வெதுவெதுப்பாக. துப்பினார். முனை நத்தையின் கொம்பைப் போல மெதுவாக உள்ளே சுருங்கியது. விட்டால் போய்விடும். இடது கையால் எட்டிப் பிடித்தார். வழுக்கியது. வலது கையில் டார்ச். உரிக்கும் கருவி ஷெட்டின் அந்தக் கோடியில், மேஜை மேல், மனைவி வாங்கித் தந்த அட்டையைக்கூடப் பிரிக்காமல்.

முப்பது வருஷப் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

கடித்தார்.

பிளாஸ்டிக் இல்லை. சாப்பிடும்போது தவறிப்போய் உள்கன்னத்தைக் கடித்துக்கொள்வோமே, அந்த மெத்து. உப்பு. இரும்பு. யாரோ என்றைக்கோ மென்று வைத்த சோறு. தலையைப் பின்னால் இழுத்தார்.

வயர் இழுத்தது.

பல் அங்கேயே நின்றுவிட்டது.

நாக்கால் தேடினார். ஓட்டை. டார்ச்சைத் தூக்கினார். சாம்பல் நிறத் தோல் பல்லின் மேல் மூடிக்கொண்டிருந்தது. ஒரு சின்னப் புடைப்பு. அது நகர்ந்தது. வயருக்குள்ளேயே, தொண்டையில் இறங்கும் கவளம் போல. கம்பளத்துக்கு அடியில். பின் சீட்டை நோக்கி.

பின்னால் மெல்லும் சத்தம் கேட்டது. சப்பு. சப்பு. பேட்டரி தரையில் கிடந்தது.

அப்புறம், மடக்.

முழுங்கிவிட்டது.

மிச்சத்தைக் குறட்டால் உரித்தார் கட்டர். மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலு முனைகளையும் முறுக்கினார், டேப்பைச் சுற்றினார், சுவிட்சைப் பொருத்தினார், பேட்டரியை மாட்டினார். வண்டி தொலைந்தால் போதும். பத்துத் தடவை வாய் கொப்பளித்தார். வாய்க்குள் அந்த நாற்றம் போகவில்லை.

அஞ்சு மணிக்கு வாத்தியார் வந்து உட்கார்ந்து பாட்டைப் போட்டார். சுவிட்ச் ஆனில் இருந்தது. ஆஃபுக்குத் தட்டினார்.

இந்த வண்டி வேண்டாம் சார் என்று சொல்லக் கட்டர் வாயைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. உதட்டோடு உதடு. தைத்தது போல.

"பேசேன்பா. என்ன, பல்லு வலியா?" வாத்தியார் மறுபடி ஆனில் தட்டினார்.

கட்டரின் தாடை தானாக இறங்கியது. ஏறியது. இறங்கியது.

"அட, ஆன்ல வச்சாலும் அந்தச் சத்தம் இல்லயே. கைராசிக்காரன்பா நீ. இப்படியே ஆன்லயே கிடக்கட்டும்." வாத்தியார் முகத்தைச் சுளித்தார். "அது சரி, என்னத்த திங்கிற? வாயை மூடி மெல்லு."

கட்டர் சுவிட்சைக் காட்டிக் கையை ஆட்டினார். வாத்தியாரும் பதிலுக்குக் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார். பாட்டு நான்கு ஸ்பீக்கரிலும் தெளிவாகக் கேட்டது. தெருமுனை. திருப்பம். போய்விட்டது.

சட்டைப் பையில் போன் அடித்தது. விரல் பட்டு எடுத்துக்கொண்டது.

"பல்லு பத்திரமா இருக்கா?" என்றாள் மனைவி. "என்ன சத்தம் அது? சாப்பிடுறீங்களா?"

சப்பு. சப்பு.

வாயில் மெல்ல ஒன்றும் இல்லை. நாக்கு மட்டும்தான்.

முதலில், நுனி.