சிவந்து மினுங்கிய தோட்டாக்கள்

அல் ஐன் நகரின் தொழிற்பேட்டையான சனையாவில் சிவசங்கரனின் லேத் பட்டறை முன்னால் காரை நிறுத்திய வெங்கட்ராமன், சற்று நேரம் இறங்காமலே உட்கார்ந்திருந்தார். துப்பாக்கி சுடும் கிளப் ஒன்றின் மேனேஜர் அவர். முந்தின நாள் மாலை விருந்தாளிகள் எதிரில், கிளப் முதலாளியான அர்பாபின் கைத்துப்பாக்கியில் தோட்டா பாதியில் சிக்கிக்கொண்டது. எடுத்துவிட்டு வேறொன்று போட்டார்கள். அதுவும் சிக்கியது. வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் வெங்கட்ராமன் காதை விட்டுப் போகவில்லை.

"வாங்கோ சார்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார் சிவசங்கரன். மெஷினில் வரும் கோளாறானாலும் மனிதரிடம் வரும் கோளாறானாலும் அவரிடம் கொண்டுவருவது அந்த ஊர்த் தமிழர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. உதவியாள் தியாகு பால் விடாத சுலைமானி டீயோடு வந்து, போகாமல் அங்கேயே நின்றான்.

"சுட்ட தோட்டாவோட பித்தளை உறையை நாங்க எறியறதில்ல. திரும்ப மருந்து போட்டு உபயோகிப்போம்" என்றார் வெங்கட்ராமன். "சுட்டா உறை உப்பிடும். பிரஸ்ல, டைங்கற எஃகு அச்சுக்குள்ள அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரணும். அது கலீலுர் ரஹ்மான் வேலை. கிரீஸ் கையோட ஆபீசுக்குள்ள வந்தான்னு போன வாரம் எல்லார் முன்னாலயும் திட்டினேன். அந்தக் கோபத்துல டையை லூஸ் பண்ணிட்டான். நீங்க பார்த்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அர்பாப் இன்னிக்கே அவன் விசாவை கேன்சல் பண்ணிடுவார்."

"அப்போ கேஸ் முடிஞ்சுது அண்ணே!" என்றான் தியாகு.

"டீயைக் கீழ வை. மெக்கானிக்கைப் பிடிக்கறதுக்கு முன்னால மெஷினைப் பார்ப்போம்" என்றார் சிவசங்கரன்.

கிளப்பின் பின்னறையில் பிரஸ் அருகே கலீலுர் ரஹ்மான் நின்றிருந்தார். காயல்பட்டினத்துக்காரர். இரவெல்லாம் தூங்காத முகம். வெங்கட்ராமன் அந்த முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார்.

சிவசங்கரன் சிக்கிய தோட்டா ஒன்றை அளவு பார்க்கும் குழாயில் போட்டார். முக்கால்வாசி வழுக்கி இறங்கிய தோட்டா, அடிப்பக்கம் பருத்து நின்றுகொண்டது.

"மேல சரியா இருக்கு. அடி மட்டும் உப்பல். அதாவது உறை டைக்குள்ள முழுசாப் போகல."

"நான்தான் சொன்னேனே, லூஸ் பண்ணிட்டான்!"

"இங்க பாருங்கோ சார். டைக்கும் பிரஸ்ஸுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கு. டையை நூலளவு திருப்பினாலும் கோடு விலகிடும். விலகல. மேல படிஞ்ச புழுதிகூட அப்படியே இருக்கு."

பிறகு, இதற்கு முந்தின தடவை செய்த தட்டில் இருந்த ஒரு பழைய உறையையும், சிக்கிய தோட்டாக்கள் வந்த தட்டில் மிஞ்சிக் கிடந்த ஒரு காலி உறையையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பழையது வைக்கோல் மஞ்சள். புதியது இளஞ்சிவப்பாக மினுங்கியது. உடம்பில் பொடிப்பொடியாகக் கீறல்.

"இது என்னண்ணே, குத்துவிளக்கு மாதிரி பளபளன்னு?" என்றான் தியாகு.

"நல்ல கேள்வி. கலீல் பாய், இதை எதுல சுத்தம் பண்ணினீங்க?"

"எப்பவும் போல மரத்தூள் டிரம்லதான் பாய். வியாழக்கிழமை எடுத்து, மெழுகுக் கிரீஸ் தடவித் தட்டுல வச்சேன். சனிக்கிழமை வந்து பாக்கேன், எல்லாம் காஞ்சு கெடக்கு. ஏசி இல்லாம வெக்கையில போயிடுச்சோன்னு நெனச்சேன். மறுபடி தடவட்டுமான்னு சார்ட்ட கேட்டேன்."

"சார் என்ன சொன்னார்?"

"பளபளன்னு இருக்கறதை ஏன்டா அழுக்காக்குறேன்னார். அழுத்தறப்ப பிரஸ் ஹேண்டில் பாதியில நின்னுது பாய். இறுக்கமா இருக்குன்னேன். யல்லா, சாப்பிட்ட பலத்தைக் காட்டுன்னார்."

வெங்கட்ராமன் தட்டில் கிடந்த உறைகளை எண்ணுவதுபோலக் குனிந்தார்.

"நடுவுல வெள்ளிக்கிழமை லீவாச்சே, அன்னிக்கு இந்த ரூம் சாவி யார்கிட்ட?" என்று கேட்டார் சிவசங்கரன்.

"என்கிட்டதான். வேற யாரும் உள்ள வரல" என்றார் வெங்கட்ராமன். சொல்லி முடிக்கும்போதே குரல் தேய்ந்தது. கிளப் சாமான் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அர்பாபின் கண்டிப்பு.

சிவசங்கரன் ஒரு குண்டூசியைக் காலி உறைக்குள் விட்டுச் சுழற்றி எடுத்தார். நுனியில் பழுப்பாக ஒரு நார். முகர்ந்துவிட்டுத் தியாகுவிடம் நீட்டினார்.

"புளி!" என்று கூவினான் அவன். "சூக்குக் கடைத்தெருவுல தமர் ஹிந்தின்னு விப்பானே, அதுதாண்ணே!"

"ஆமா. பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்கறது நம்ம வீட்டுப் பழக்கம். புளி போட்டா பித்தளை செவக்கும், மணல் போட்டுத் தேய்ச்சா கீறும். கூடவே கிரீஸும் போயிடும். கிரீஸ் இல்லாத உறை எஃகு டையைக் கவ்விப் பிடிச்சுக்கும், ஹேண்டில் பாதியில நிக்கும், அடி உப்பலாவே இருக்கும். தட்டு வெள்ளிக்கிழமை யாரோ ஒருத்தர் வீட்டுக்குப் போய்ட்டு வந்திருக்கு." யாருடைய வீடு என்று அவர் சொல்லவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டார்.

மனைவி பிரபாவதி முந்தானையைச் செருகிக்கொண்டு, வாளி முன் உட்கார்ந்து தேய்த்தது வெங்கட்ராமனின் கண்முன் வந்தது. 'அர்பாப் அசந்து போகணும்' என்று பக்கத்தில் நின்று தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். பிசுக்கு என்று நினைத்து அவர்கள் அலம்பிவிட்டது கலீல் தடவியிருந்த கிரீஸை; வேலையின் பாதியே அதுதான்.

"என் வீடுதான்" என்றார். "கலீல், உனக்கு முன்னாலேயே தெரியுமா?"

கலீலுர் ரஹ்மான் தயங்கினார். "தட்டுல ஒரு புளியங்கொட்டை கெடந்துச்சு சார். லீவுக்குப் போயிட்டு வரும்போது உங்க வீட்டு அக்காவுக்கு நான் கொண்டாந்து கொடுத்த புளிதான். அக்கா பேரை நான் எப்படி இழுக்க?"

வாசலில் வண்டி நின்றது. அர்பாப் வந்தார். வெங்கட்ராமனுக்கு ஸலாமுக்கு மேல் அரபி வராது. இத்தனை வருஷமும் அவர் பேச்சை அர்பாபுக்குச் சொல்லி வந்தது கலீல்தான். இன்றும் அவரைத்தான் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

தட்டை வீட்டுக்குக் கொண்டுபோனது, புளி, கிரீஸ் வேண்டாம் என்றது, பழியைக் கலீல் மேல் போட்டது எல்லாவற்றையும் தமிழில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார் வெங்கட்ராமன். கலீல் கேட்டுக்கொண்டு, அர்பாபிடம் இரண்டே வரி பேசினார். மெஷினைக் குறிக்கும் மாக்கினா என்ற சொல்லும், பிரச்சினை இல்லை, முடிந்தது என்று சொல்லும் மாஃபி முஷ்கில், கலாஸ் என்பதும் வெங்கட்ராமன் காதில் விழுந்தன. தன் பெயர் விழவில்லை. தமர் ஹிந்தியும் விழவில்லை.

அர்பாப் தலையசைத்துத் திரும்பினார். பேசாமல் இருந்தால் அதோடு முடிந்தது. வெங்கட்ராமன் ஓரடி முன்னால் வந்து தன் நெஞ்சில் கை வைத்தார்.

"அனா" என்றார். "பைத் அனா. தமர் ஹிந்தி. கலீல் மாஃபி." நான், என் வீடு, புளி, கலீல் இல்லை என்று, காதில் விழுந்து பழகிய சொற்களைக் கோத்துச் சொன்னார்.

அர்பாப் புருவத்தை உயர்த்திக் கலீலைப் பார்த்தார். இந்த முறை கலீலுக்கு முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் நிதானமாகச் சொல்லச் சொல்ல, அறையில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்றிருந்தது வெங்கட்ராமனுக்கு.