சீமைச் சத்தம்

இசைக்கு எல்லை இல்லை. அதற்கு நாடு இல்லை, மொழி இல்லை, வேலி இல்லை...

மேடை ஏறும்போதெல்லாம் டி.ஜே. அதிரடி இதை மைக்கில் சொல்லுவான். சொல்லிவிட்டுக் கண்களை மூடிக் கொஞ்ச நேரம் மௌனம் காப்பான். கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

இசைக்குத்தான் நாடு இல்லை. அவன் பாட்டுக் கலக்கும் மிக்ஸர் பெட்டிக்கு நாடு உண்டு. அது நம் நாடாக மட்டும் இருந்துவிடக் கூடாது.

இப்போது அவன் அந்த மிக்ஸரின் மேலேயே கவிழ்ந்து கிடந்தான்.

பிணமாக!

காலை ஒத்திகைக்கு வந்தவன். மண்டபத்து மேடையை அப்போதுதான் ஈரத்துணி போட்டுத் துடைத்திருந்தார்கள். வெறுங்காலோடு நின்று ஆடுவது அவன் ஸ்டைல். பெட்டியின் இரும்பு முகப்பில் இரண்டு கைகளையும் வைத்தான்.

அவ்வளவுதான்... பெயருக்கேற்ப அவன் அதிர்ந்தது அந்த ஒரு முறைதான்.

அவன் கன்னத்துக்குப் பக்கத்தில் வெள்ளி நிற ஸ்டிக்கர் பளபளத்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்தில் தயாரானது என்று அது சத்தியம் செய்துகொண்டிருந்தது.

கடையில் போன் அடித்தபோது சீமையார் உடனே எடுக்கவில்லை. எடுத்தால் என்ன செய்தி வரும் என்று அவருக்குத் தெரியும். நான்கைந்து முறை அடிக்கவிட்டு எடுத்தார்.

“ஐயோ... நேத்துகூடப் பார்த்தேனே!”

குரல் சரியான இடத்தில் உடைந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகியது வீண் போகவில்லை.

சீமையார் என்பது ஊர் வைத்த பெயர். டி.ஜே. சாமான் வியாபாரம். மிக்ஸர், ஸ்பீக்கர், கலர் லைட், இசைத்தட்டு சுழலும் மேஜை... ‘உள்நாட்டுச் சரக்கு கிடையாது’ என்று கல்லாவுக்கு மேலே போர்டு மாட்டியிருந்தார். வருகிற ஆள் அதைப் படித்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவான்.

காரணம் இருக்கிறது. கல்யாணத்துக்கு டி.ஜே. பேச வருகிறவர்கள், என்ன பாட்டுப் போடுவாய் என்று கேட்பதில்லை. பெட்டி எந்த நாடு என்று கேட்கிறார்கள். உள்ளூர்ப் பெட்டி என்றால் பெண்ணின் சித்தப்பா முகத்தைச் சுளிப்பார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பந்தியில் உட்கார மாட்டார். கண் முதலில் ஸ்டிக்கரைப் படித்துவிடும். அப்புறம் காதுக்கும் அப்படித்தான் கேட்கும்.

அந்தப் பனி தேசம் கடைக்குப் பின்னால் இருந்தது.

தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஒரு மேஜை, தலையை ஆட்டாத ஒரு டேபிள் ஃபேன், ஈயம் உருகும் புகை. புகைக்கு நடுவே சீமையாரின் மச்சான். மனைவியின் கூடப்பிறந்த தம்பி. பெட்டிகளை எல்லாம் அவன்தான் செய்தான். ஸ்டிக்கர் ஒட்டுவது அக்கா. கோணாமல் ஒட்ட அவளால்தான் முடியும்.

மச்சானுக்கு ஒரே ஒரு குறை.

“ஒரே ஒரு பெட்டியிலயாவது என் பேரப் போட்டுக்கறேனே மாமா?”

“உன் பேரப் போட்டா உங்க அக்காவே வாங்க மாட்டா.”

வாழ்க்கை இப்படி நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் அதிரடி கடைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திவிட்டு, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றும் வரை.

“சீமையாரே, நீங்க வித்தது வெளிநாட்டுப் பெட்டி இல்ல.”

“யார் சொன்னது?”

“என் காது. நேத்து வாசிக்கும்போதே பிடிச்சிட்டேன். அடியில லேசா ஒரு கரகரப்பு. சுத்தமான உள்ளூர்க் கரகரப்பு.”

அதிரடி, கண்ணாடி அலமாரியில் இருந்த பெரிய மிக்ஸரைக் கைகாட்டினான். அதை அனுப்பி வைத்தால் காதோடு போயிற்றாம். இல்லாவிட்டால் காது கேட்டதை வாய் எல்லா டி.ஜே.க்களிடமும் சொல்லுமாம்.

கொடுத்துத் தொலைத்திருக்கலாம். ஆனால் அதில் ஒரு சங்கடம்.

அந்தப் பெரிய பெட்டியும் மச்சான் செய்ததுதான்!

கடையில் இருந்த அத்தனையும் மச்சான் செய்ததுதான். எதைக் கொடுத்தாலும் அந்தப் பாழாய்ப்போன காது கண்டுபிடித்துவிடும். பெட்டியை மாற்ற முடியாது. காதை மூடலாம்.

மறுநாளே சீமையார் ஒரு புது கரண்ட் ஒயரோடு அவன் வீட்டுக்குப் போனார். கரகரப்புக்கு ஒயர்தான் காரணம், இது நேராகக் கப்பலில் வந்தது, பெரிய பெட்டி பின்னாலேயே வருகிறது என்றார். அதிரடி ஒயரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிளக்குக்குள் ஒரு கம்பி இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. அதன்மேல் கறுப்பு டேப் அழகாகச் சுற்றியிருந்தது.

இன்ஸ்பெக்டர் அம்மா மெல்லிய குரல்காரி. குற்றவாளிகள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும். கடையில் இருந்த எல்லோருடைய கைரேகையையும் எடுத்துக்கொண்டு போனவள், மறுநாள் சீமையாரை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டாள்.

பெட்டி அசல் வெளிநாடுதானா என்று கேட்டாள். சீமையாருக்கு அந்தக் கேள்வியே அவமானமாக இருந்தது. சீல் அங்கேயே வைக்கிறார்கள், இங்கே ஒரு ஈ கூட உள்ளே போக முடியாது என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

“அப்படியா... அப்ப பெட்டிக்கு உள்ள பூரா உங்க மச்சான் கைரேகை எப்படி வந்துச்சு?”

சீமையார் மனசுக்குள் கணக்குப் போட்டார்.

இரண்டே வழி. பெட்டியைச் செய்ததே அவன்தான் என்று சொல்லலாம். மச்சான் வீட்டுக்குப் போவான், கடை தெருவுக்கு வரும். விற்ற பெட்டிகள் எல்லாம் வாசலில் வந்து குவியும். ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அல்லது...

சீமையார் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“எனக்கும் அவன்மேலதான் சந்தேகம் மேடம். வெளிநாட்டுப் பொருளக் கண்டாலே அவனுக்கு ஆகாது.”

மச்சானைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுப்பிக் கூட்டிப் போனார்கள். பெட்டியைச் செய்ததே நான்தான், எல்லாப் பெட்டியும் நான்தான் என்று அவன் தொண்டை வறளக் கத்தினான். வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் பெயரைச் சொல்லிக்கொள்ள ஒரு சந்தர்ப்பம். யாரும் நம்பவில்லை.

சாட்சி சொல்ல வந்த டி.ஜே.க்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“உள்ளூர்க்காரன் செஞ்சா இந்தச் சத்தம் வருமா மேடம்? அந்த ஆழம் இருக்கே, அது அந்த ஊர்க் குளிர்லதான் வரும்.”

அடித்தார்கள். போலீஸ்காரர்கள் சால்ட்ரிங் கம்பி பிடிக்கிற விரல்களாகப் பார்த்து அடித்தார்கள்.

அன்று மாலை சீமையார் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மனைவி எதிரில் வந்து நின்றாள். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவள். தம்பியின் கை வீங்கியிருக்கிறது என்றாள். ஒரு வார்த்தை உண்மையைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்றாள். கடைசியில் காலைப் பிடித்தாள்.

சீமையார் காபி சிந்தாமல் காலை இழுத்துக்கொண்டார்.

“உன் தம்பி உள்ள போனா என்னிக்காவது வெளிய வருவான். கடை பேரு போனா வருமா?”

“அவன் தூக்குல தொங்கினா?”

“அதுக்குள்ள வேற ஆள் பழக்கிடலாம்.”

அவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காபி டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு பீரோவைத் திறந்தாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டர் அம்மாவின் மேஜையில் ஒரு துணிப்பை வந்து விழுந்தது.

“அந்தப் பனி தேசம் எங்க வீட்டு பீரோவுலதான் இருக்கு மேடம். புடவைக்கு அடியில.”

உள்ளே தாள் தாளாக வெள்ளி ஸ்டிக்கர்கள்! அவள் ஒன்றை உரித்து, மேஜையில் இருந்த குண்டூசி டப்பாவின் மேல் ஒட்டிக் காட்டினாள். கோணாமல். குண்டூசி டப்பா கப்பலேறி வந்த களையோடு நின்றது.

பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்த ரைட்டர் முகம் வெளுத்துப் போனார். மகள் காதுகுத்துக்கு அவர் ஊரெல்லாம் பெருமையடித்து வாங்கிய ஸ்பீக்கரிலும் அதே ஸ்டிக்கர்.

பெட்டியைச் செய்தவன் ரேகை பெட்டிக்குள் இருக்கத்தான் செய்யும். மச்சானை விட்டார்கள். வீங்கிய கையைப் பார்த்து யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ரைட்டர் மட்டும் தன் ஸ்பீக்கருக்கு ரிப்பேர் வந்தால் வரலாமா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்.

மதியம் பரிசோதனைக்கூடத்திலிருந்து பிளக் திரும்பி வந்தது. சீமையார் டேப்பை வெளிப்பக்கம் நன்றாகத் துடைத்திருந்தார். பசை இருந்த உள்பக்கத்தில் கட்டைவிரல் ரேகை முழுசாகப் படிந்திருந்தது.

சீமையாருடைய கட்டைவிரல்!

இந்த முறை ஸ்டேஷனில் அவருக்கு நாற்காலி போடவில்லை.

முதலில் மறுத்தார். பிறகு மனைவியைத் திட்டினார். பிறகு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினார். இன்ஸ்பெக்டர் அம்மா எதிரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

“ஏன் சார்? தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாமே. ஒரு உசுரு.”

சீமையார் நிமிர்ந்தார். குரலில் பயத்தை மீறி ஒரு மரியாதை வந்திருந்தது.

“உங்களுக்குப் புரியாது மேடம். எத்தனையோ பேருக்கு வித்திருக்கேன். ஒருத்தனுக்கும் தெரியல. அவன் ஒருத்தன்தான் கண்டுபிடிச்சான். அது சாதாரணக் காது இல்ல. அந்தக் காது உசுரோட இருக்கிற வரைக்கும் எனக்குத் தூக்கம் கிடையாது.”

“ம்... காது.”

அவள் எழுந்து, மூலையில் இருந்த அதிரடியின் மிக்ஸரை மேஜைக்குத் தூக்கி வரச் சொன்னாள். இந்தக் காதை அதிரடி வேறு இரண்டு கடைகளிலும் காட்டியிருக்கிறானாம். அதே கரகரப்பு, அதே மிரட்டல். இரண்டு கடைக்காரர்களும் வாயைத் திறக்காமல் புதுப் பெட்டி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

“அவங்க பெட்டியும்...?” சீமையார் இழுத்தார்.

“அவங்களுக்கும் மச்சான் இருக்கும்ல சார்?”

அவள் மிக்ஸரைத் திருப்பி, அதன் முதுகு அவரைப் பார்க்கும்படி வைத்தாள். கரண்ட் ஒயர் போகும் துளையில் மட்டும் மூடி இல்லை. ஸ்பீக்கருக்குப் போகும் துளைகளில், தூசி போகாமலிருக்க மச்சான் அழுத்திய ரப்பர் மூடிகள் அப்படியே இருந்தன.

அதிரடி வாங்கிய நாளிலிருந்து அந்தப் பெட்டியில் லைட் மட்டும்தான் எரிந்திருக்கிறது. பாட்டெல்லாம் அவன் போனிலிருந்து நேராக ஸ்பீக்கருக்குப் போயிருக்கிறது.