பஸ் ஸ்டாப் குத்து அவளுக்கு எப்படித் தெரியும்?

புதிதாக வந்த அந்தப் பெண்ணை யார் வேண்டுமானாலும் நம்பட்டும், பட்டாசு நம்பத் தயாராக இல்லை. அவள் கையுறை மாட்டி முடிப்பதற்குள்ளேயே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வழக்கமாக அவன் எல்லோரையும்தான் சந்தேகப்படுவான். ஆனால், உள்ளதைச் சொல்ல வேண்டும், இந்த முறை அவனிடம் நல்ல காரணம் இருந்தது.

டயர் கடைக்கு மேலே இருக்கும் நீளமான அறைதான் அவர்களுடைய குத்துச்சண்டைக் கூடம். கூரையிலிருந்து மணல் மூட்டைகள் தொங்கும். ஒரு பக்கச் சுவரில், மூடிப்போன துணிக்கடையிலிருந்து மாஸ்டர் வாங்கி வந்த பெரிய கண்ணாடி. நடுவில் நான்கு பக்கமும் கயிறு கட்டிய ரிங்.

பட்டாசு என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. மணி அடித்ததும் படபடவென்று பாய்ந்து குத்துவான், கொஞ்ச நேரத்தில் புஸ்ஸென்று ஆகிவிடுவான். அதனால் பட்டாசு. அவனுடைய தோழி அதற்கு நேர் எதிர். இரண்டு கையுறைக்குள்ளும் முகத்தை இழுத்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பாள். எதிராளி களைத்த பிறகு வலது கையை நேராக நீட்டுவாள். அவளை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

மாஸ்டர் பகலில் பஸ் ஓட்டுபவர். மாலையில் சொல்லிக்கொடுப்பதும் பஸ் பாஷையில்தான். அவரே கண்டுபிடித்த ஒரு குத்து உண்டு. அதற்குப் பெயர் பஸ் ஸ்டாப். நிற்கப்போவது போல மெதுவாக வேண்டும். எதிராளி நெருங்கிக் காலை எடுத்து வைப்பார். உடனே பக்கவாட்டில் நழுவி, அங்கிருந்து ஒரு குத்து. தன்னுடைய பஸ்ஸில் இப்படியெல்லாம் செய்வதில்லை என்று மாஸ்டர் சத்தியம் செய்வார். அந்தக் குத்து இந்தக் கூடத்தைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

அதைத்தான் புதுப் பெண், வந்த முதல் நாளே, பட்டாசின் மூக்கில் வைத்தாள்.

"ஆமை, பாத்தியா? பஸ் ஸ்டாப்," என்றான் பட்டாசு மூக்கைத் தேய்த்துக்கொண்டே. "இவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

ஆமை பார்த்தாள். அது மட்டும் இல்லை. அந்தப் பெண் வலது காலை முன்னால் வைத்து, இடது கையைப் பின்னால் வைத்து நின்றாள். இடக்கைக்காரி.

மாஸ்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தேடிப் போன பஸ் வீட்டு வாசல்லயே வந்து நிக்குது. ஆமை, ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ இவகூடத்தான் பழகப்போற."

ஞாயிற்றுக்கிழமை ஆமை மோதப்போவது பாலத்துக்கு அந்தப் பக்கக் கூடத்தின் சம்மட்டி என்ற பெண்ணுடன். சம்மட்டியும் இடக்கைக்காரி. போன முறை அவர்கள் மோதியபோது ஆமைக்கு ஒரு குத்துக்கூடப் படவில்லை. கால் சிக்கித் தானாகவே தடாலென்று உட்கார்ந்துவிட்டாள். கூட்டமே சிரித்தது. அப்பாகூட வாயைப் பொத்திக்கொண்டார். இந்த முறை ஜெயிக்க வேண்டும் என்றுகூட அவள் கேட்கவில்லை. விழாமல் இருந்தால் போதும்.

மாஸ்டர் தரையில் சாக்பீஸால் பாதங்களை வரைந்தார்.

"நமக்கு இடது கால் முன்னாடி. இடக்கைக்காரங்களுக்கு வலது கால் முன்னாடி. எதிரெதிரே நின்னா ரெண்டு காலும் ஒரே ரோட்டுல முட்ட வர்ற பஸ். அதான் போன தடவை சிக்கிக்கிட்ட. நீ உன் இடது பக்கமா சைடு வாங்கு. அவ காலுக்கு வெளியில உன் காலை வை. அவளோட பலமான இடது கைல இருந்து தள்ளிப் போயிடுவ. உன்னோட வலது கைக்கு நேர் ரோடு கிடைச்சிடும்."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆமை ரிங்கில் ஏறி, எல்லோரும் புதுசு என்று கூப்பிடத் தொடங்கிவிட்ட அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்று, சொன்னபடியே இடது பக்கம் நகர்ந்தாள். பம் என்று ஒரு குத்து. மறுபடி நகர்ந்தாள். மறுபடியும் பம். தலைக்கவசத்துக்குள் காது ரீங்காரம் போட்டது.

அடித்தது இடது கை இல்லை. முன்னால் இருந்த வலது கை.

"எங்கேயோ இடிக்குது," என்றாள் ஆமை, படிக்கட்டில் உட்கார்ந்து கைக்கட்டை அவிழ்த்தபடி. "முன்னாடி இருக்கிற கை கதவைத் தட்டுற கை. மெதுவாத்தான் இருக்கணும். இவ தட்டுற கையே கதவை உடைக்குது."

பட்டாசின் கண்கள் சுருங்கின. அன்றிலிருந்து அவன் துப்பறியத் தொடங்கினான். துப்பறிவது என்றால், புதுசு தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் மூட்டைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பது. அவள் வலது கையால் தலை வாரினாள். வலது கையால் பாட்டிலைத் திறந்தாள். அவன் தன் காலுறையைச் சுருட்டித் திடீரென்று அவள் மேல் எறிந்து பார்த்தான். வலது கையால் பிடித்தாள். பிடித்ததும் மூக்கைச் சுளித்தாள், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை.

"இவ இடக்கைக்காரியே இல்ல," என்று அறிவித்தான். "எல்லாத்துக்கும் வலது கை, சண்டைக்கு மட்டும் இடக்கைக்காரி மாதிரி நிக்கிறா. எதுக்கு? சம்மட்டியோட ஆளுங்க அனுப்பியிருக்காங்க. இவகிட்ட பழகினா நீ தப்பாப் பழகிடுவ. ஞாயித்துக்கிழமை மறுபடியும் உக்காந்துடுவ."

ஆமைக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. அதன் பிறகு புதுசு சிரித்தால் ஏன் சிரிக்கிறாள் என்று தோன்றியது. சிரிக்காவிட்டால் எதை மறைக்கிறாள் என்று தோன்றியது. சந்தேகம் வந்துவிட்டால் நல்ல தூக்கம்கூட வராது.

பயிற்சி முடிந்ததும் பிள்ளைகள் விளையாடும் ஒரு விளையாட்டு உண்டு. "இவங்களும் அவங்களும் மோதினா?" என்று யாராவது கேட்க வேண்டும். மற்றவர்கள் சாக்பீஸால் கால்களை வரைந்து, யார் எப்படி அடிப்பார்கள் என்று சொல்ல வேண்டும். சண்டை நடக்காது, வாய்ச்சண்டை மட்டும் நன்றாக நடக்கும்.

"ஆமையும் சம்மட்டியும் மோதினா?" என்று கேட்டான் பட்டாசு, புதுசை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

புதுசு யோசித்தாள். "சம்மட்டியை நான் பாத்ததில்ல. ஆனா ஆமை ஜெயிக்க வழி இருக்கு. மழைக்காலத்துல ஆமை முழங்கையை இறக்கி வெச்சிருந்தா, விலாவுல அடி வாங்கினா. இப்ப அது இல்ல. காத்திருந்து, அந்த இடது கையை நேரா நீட்டினான்னா போதும். ஆமையோட பலமே அந்த இடது கைதான்."

சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். முகம் வெளிறிவிட்டது. வீட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

"மாட்டிக்கிட்டா," என்றான் பட்டாசு. "மழைக்காலத்துல இவ இங்க இல்லவே இல்ல. நம்மள வேவு பாத்திருக்கா. நாளைக்கு மாஸ்டர்கிட்ட சொல்றேன். அதோட அவ கதை முடிஞ்சுது."

ஆமைக்கு வேறொன்று உறுத்தியது. அவளுடைய பலமான கை வலது கை. கூடத்தில் நேற்றுச் சேர்ந்த பொடிசுக்குக்கூட அது தெரியும். முழங்கை, மழைக்காலம், காத்திருப்பது எல்லாமே சரியாகச் சொன்னவள் கையை மட்டும் எப்படி மாற்றிச் சொன்னாள்? வேவு பார்க்க ஆள் அனுப்புகிறவர்கள் இவ்வளவு மோசமான ஆளையா அனுப்புவார்கள்?

புதுசின் அம்மா எதிர்ச் சாரியில் இருக்கும் சலவைக் கடையில் வேலை செய்கிறார் என்று ஆமை கேள்விப்பட்டிருந்தாள். மறுநாள் பயிற்சிக்கு முன்னால், அப்பாவின் சட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு அங்கே போனாள்.

கடையில் நின்ற அம்மா சட்டையை விரித்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "ஏம்மா, இது இஸ்திரி போட்ட சட்டையாச்சே."

"இன்னொரு தடவை போடணும் ஆன்ட்டி."

"நீ எதிர்ல குத்துச்சண்டை பழகுற பொண்ணுதானே? எங்க பொண்ணைப் பாக்க வந்தேன்னு சொல்லிட்டுப் போயேன். வீடு மேலதான், போ, தம்பி தூங்குறான், சத்தம் போடாத."

தம்பி தூங்கவில்லை. மாடி அறையில், கட்டிலின் கம்பியில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். பால் பல் தெரிய ஆமையைப் பார்த்தான். பிறகு வலது காலை முன்னால் வைத்து, இரண்டு கைகளையும் முஷ்டி பிடித்து உயர்த்தினான். அவனும் இடக்கைக்காரன் போலவே நின்றான்.

ஆமைக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் கண் போன ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கூடம். அதன் ஜன்னல் வழியாக ஓரமாகத்தான் உள்ளே பார்க்க முடிந்தது. ரிங்கையும் மூட்டைகளையும் சுவர் மறைத்தது. தெரிந்ததெல்லாம் அந்தப் பெரிய கண்ணாடி ஒன்றுதான். அதற்குள் பட்டாசு தனியாகக் குதித்துக்கொண்டிருந்தான். வலது காலை முன்னால் வைத்து, இடது கையால் ஓங்கிக் குத்திக்கொண்டிருந்தான்.

பட்டாசு இடக்கைக்காரனா? ஆமைக்கு முதலில் திகைப்பு. பிறகு சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் சிரிப்பது பெரும்பாடாக இருந்தது.

"பாத்துட்டியா?"

வாசலில் புதுசு நின்றிருந்தாள். கையில் தம்பியின் பால் பாட்டில்.

"அது கண்ணாடின்னே எனக்குத் தெரியாது," என்றாள் அவள் மெதுவாக. "அதான் உங்க ரூமுன்னு நெனச்சேன். அம்மா வேலை முடிஞ்சு வர்ற வரைக்கும் தம்பியை நான்தான் பாத்துக்கணும். அப்பல்லாம் ஜன்னல்ல நின்னு உங்களைப் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். சன்னமா மாஸ்டர் கத்துறதும் கேக்கும். இப்ப சாயங்காலம் அம்மா அவனைக் கடையிலயே வெச்சுக்கிறாங்க. உள்ள வந்து பாத்தா எல்லாரும் மாத்தி நிக்கிறீங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா சிரிப்பீங்க."

ஆமைக்குச் சிரிப்பு சட்டென்று நின்றுவிட்டது. கூட்டம் முழுவதும் சிரிப்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "நான் ரிங்குக்கு நடுவுல உக்காந்த கதை உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது. முழுவதையும் சொன்னாள், அப்பா வாயைப் பொத்தியது உட்பட. புதுசு சிரித்தாள். தம்பியும் சிரித்தான், அவனுக்கு என்ன புரிந்ததோ.

அவர்கள் கூடத்துக்குப் போனபோது பட்டாசு ஏற்கெனவே மாஸ்டர் காதில் ஓதிக்கொண்டிருந்தான். மாஸ்டர் நெற்றியைச் சுருக்கிப் புதுசைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். புதுசு ஆமையின் பின்னால் ஒதுங்கினாள்.

"அவ வேவு பாத்தாளான்னு அப்புறம் கேளுங்க மாஸ்டர்," என்றாள் ஆமை. "பட்டாசு, கொஞ்சம் கண்ணாடியைப் பாத்து நில்லு."

"எதுக்கு?"

"நில்லுடா. உள்ள இருக்கிற பையன் எந்தக் கைக்காரன்?"

பட்டாசு பார்த்தான். வாய் திறந்தபடியே நின்றது. "இடக்கைக்காரன்," என்றான்.

"அவ வீட்டு ஜன்னல்ல இருந்து அந்தப் பையன் மட்டும்தான் தெரிவான். அவனைப் பாத்துதான் தனியாவே கத்துக்கிட்டா. பஸ் ஸ்டாப் வரைக்கும். சிரிக்கணும்னு யாருக்காவது தோணினா, முதல்ல ஒரு மாசம் இங்க வராம ஜன்னலைப் பாத்தே கத்துக்கிட்டு வந்து சிரிங்க."

யாருக்கும் அப்படித் தோன்றவில்லை. மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "நாள் பூரா கண்ணாடியைப் பாத்துப் பஸ் ஓட்டுறவன் நான். எனக்கே தோணலையே." பிறகு புதுசிடம், "மாத்தி நிக்கணுமா?" என்று கேட்டார்.

"வேணாம் மாஸ்டர். இப்படியே பழகிடுச்சு."

"இரு. அப்ப நான் சைடு வாங்குற பக்கமெல்லாம் உன் பலமான கை காத்துக்கிட்டு இருக்கு. அதான் அடி வலிக்குது," என்றாள் ஆமை. "சம்மட்டி நெஜமாவே இடக்கைக்காரி, அவளோட முன்னாடி கை இவ்வளவு வலிக்காது. இந்தக் கைக்குப் பயப்படாம நகரக் கத்துக்கிட்டா, அந்தக் கை எனக்குத் தூசு." சொல்லிவிட்டு முகத்தைக் கையுறைக்குள் இழுத்துக்கொண்டு, அவளே போய் ரிங்கில் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை சம்மட்டி போன முறையைவிட உயரமாக இருந்தாள். மணி அடித்தது. ஆமை இடது காலை அவளுடைய காலுக்கு வெளியே வைத்து நகர்ந்தாள். சம்மட்டியின் முன்னால் இருந்த கை வந்து தலைக்கவசத்தில் பட்டது. கதவைத் தட்டியது போலத்தான் இருந்தது. ஆமைக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி பரவியது. மறுபடியும் நகர்ந்தாள். கால்கள் சிக்கவில்லை.

சம்மட்டியின் பெரிய இடது கை வரும்போதெல்லாம் ஆமை அங்கே இல்லை. கடைசிச் சுற்றில் சம்மட்டி மூச்சு வாங்கினாள். ஆமை நிற்கப்போவது போல மெதுவானாள். சம்மட்டி நெருங்கிக் காலை எடுத்து வைத்தாள். ஆமை நழுவி, வலது கையை நேராக நீட்டினாள்.

நடுவர் ஆமையின் கையை உயர்த்தினார். நாற்காலி மேல் ஏறி நின்று கத்திய அப்பா, இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

கைகுலுக்க வந்த சம்மட்டி அவளுடைய கையை விடவே இல்லை. ஆமையையும், பின்னால் தண்ணீர் பாட்டிலுடன் நின்ற புதுசையும், பட்டாசையும் மாறி மாறிப் பார்த்தாள். கண்கள் சுருங்கின.

"எங்கேயோ இடிக்குது," என்றாள். "இடக்கைக்காரங்களைப் பத்தி உனக்கு இவ்வளவு யாரு சொல்லிக் குடுத்தா? எங்க கூடத்துல இருந்து உங்களுக்கு யாரோ உளவு சொல்றாங்க."

"சேச்சே," என்றான் பட்டாசு, உலகத்திலேயே யாரையும் சந்தேகப்படாதவன் போல. "முதல்ல மனுஷங்களை நம்பக் கத்துக்கணும்."