பத்து நிமிட அனுமதி

பிற்பகல் இரண்டு மணிக்கு, செத்து நாலு வருடமான அயலவர் தம்பிராசாவின் பெயருக்கு ஓர் அனுமதிச் சான்று ஒப்பமாகியிருப்பதைப் பிரியவதனி கணினித் திரையில் கண்டாள்.

உயிரோடிருந்த காலத்தில் ரீவி ரிமோட்டையே தலைகீழாகப் பிடித்த மனிதர். இப்போது கொழும்புக் கம்பனியின் சேர்வருக்குள் நுழைய அனுமதி கேட்கிறாராம்.

யாழ்ப்பாணத்து நாரந்தனை வீட்டில் தனியே இருந்து பிரியவதனி பார்க்கும் வேலையே அந்த அனுமதிகளைக் கவனிப்பதுதான். கம்பனியின் சேர்வர்களைத் திறக்கும் இரகசியத் திறப்புகளைக் காக்கும் கணினி ஒன்றுண்டு. பெயரைச் சொல்லிக் கேட்பவருக்கு, பத்து நிமிடம் மட்டும் சேர்வருக்குள் நுழையவிடும் எஸ்.எஸ்.எச். சான்றிதழில் அது ஒப்பமிட்டுக் கொடுக்கும். முன்பு ஒவ்வோர் ஒப்பத்துக்கும் இரண்டாமாள் ஒருவரும் சம்மதிக்க வேண்டியிருந்தது. பிரியவதனி அதைத் திருத்தி வேகமாக்கினாள். இரண்டாமாளை எடுத்துவிட்டாள். யார் யாருக்கு ஒப்பமிடலாம் என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டாள். யாருக்கும் என்று அர்த்தம். மேலாளர் மெச்சினார். இன்று மூன்று மணிக் கூட்டத்தில் அவளுடைய வேலை நிரந்தரமாக்கப்படுமென்று ஊர் முழுக்கக் கதை. பரப்பியது வேறு யாருமல்ல, அவளேதான்.

கொழும்பு அலுவலகத்திலிருக்கும் டினேஷின் பகிடியாக இருக்கும் என்று அவனுக்கு அழைத்தாள்.

"நான் ஒண்டும் செய்யேல்லை அக்கா. நட்சத்திரம் போட்டது நீங்கள்தானே."

வெளியே சோளகக் காற்று புழுதியை அள்ளி யன்னலில் எறிந்துகொண்டிருந்தது. பனையோலைகள் ஒன்றையொன்று அறைந்தன. எங்கோ காயும் மீனின் வாடை குசினி அடுப்புவரை வந்து, விடைபெற மனமில்லாத விருந்தாளிபோல அங்கேயே நின்றது. அந்த இரைச்சலுக்குள்ளே, வீட்டுக்கு முன்னாலோடும் ஒழுங்கையின் கோடியில், துருப்பிடித்த வாசற் படலையொன்று மெல்ல முனகியது.

இரண்டு பத்து. ஞானசவுந்தரி. ஒப்பமாயிற்று.

இரண்டு இருபது. இராசநாயகம். ஒப்பமாயிற்று.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கோடியில் தம்பிராசா வீடு. அடுத்தது ஞானசவுந்தரியுடையது. அடுத்தது இராசநாயகத்துடையது. மூவரும் செத்தவர்கள், மூன்று வீடும் பூட்டு. நாலாவது வீடு அவளுடையது.

ஒப்பமிடுவதையே நிறுத்தலாம். ஆனால் கம்பனி முழுவதும் சேர்வருக்கு வெளியே நிற்கும், நட்சத்திரக் கதை அம்பலமாகும், வேலை போய்விடும். சத்தமில்லாமல் நட்சத்திரத்தை அழித்தாள். பெயர்ப் பட்டியல் ஒன்றை வைத்து, சோதித்துப் பார்க்கத் தன் பெயரை மட்டும் எழுதினாள். கையிலுள்ள சான்றுகள் முடியுமுன் மற்றவர்களைச் சேர்த்துவிடலாம்.

இரண்டு முப்பது. இராசநாயகம். மறுக்கப்பட்டது.

மூச்சு வந்தது. பரிமளம் அக்கா இந்த நேரம் ஒழுங்கையால் போவார். எதிரே ஆடு வந்தாலும் எங்கே போகிறாய் என்று கேட்காமல் விடாத மனுசி. வாழ்க்கையில் முதன்முறையாகப் பிரியவதனி அவருக்காகக் காத்திருந்தாள்.

காற்று நின்றது.

இரண்டு முப்பத்தொன்று. பிரியவதனி. ஒப்பமாயிற்று.

பட்டியலிலிருந்த ஒரே பெயர். அவள் விசைகளைத் தொடவேயில்லை.

ஃபோனும் கையுமாக வெளியே ஓடினாள். ஒழுங்கை வெறுமை. மூன்று படலைகளும் திறந்து கிடந்தன. திரும்பினாள். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினாள். அசையவில்லை.

யன்னலால் பார்த்தாள்.

அவளுடைய கதிரை. அவளுடைய பூப்போட்ட சட்டை. முதுகு காட்டியபடி யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். நிதானமாக.

ஃபோனில் தன் பெயரைக் கொடுத்தாள். மறுக்கப்பட்டது. மறுபடியும். மறுக்கப்பட்டது.

உள்ளேயிருந்து குரல். அவளுடைய குரல்.

"ஓம் டினேஷ், இப்ப சரி. ஒரு பேர் ரெண்டு தரம் கிடந்தது. ஒண்டை எடுத்துப்போட்டனான்."

செருப்புச் சத்தம். பரிமளம் அக்கா. பிரியவதனி குறுக்கே போய் நின்றாள். பரிமளம் அக்காவின் சேலைத் தலைப்பு அவள் கையில் உரசியது. அவர் நிற்கவில்லை. பார்க்கவில்லை.

எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

யன்னலுக்குள் கழுத்தை நீட்டினார். "என்ன பிள்ளை, இண்டைக்கு என்ன கறி?"

"கணவாய்க் கறி, அக்கா. உள்ளுக்கை வாங்கோ."

கதவு திறந்தது. பரிமளம் அக்கா உள்ளே போனார். கதவு மூடியது.

பிரியவதனி கத்தினாள். வாய் திறந்தது. அவ்வளவுதான்.

ஒழுங்கையைப் பார்த்தாள். படலைக்கொருவராக மூவர் நின்றார்கள். மூவரும் அவளையே பார்த்தார்கள். கிட்ட நின்ற இராசநாயகம் சற்று விலகி, தன் பக்கத்தில் ஓராள் நிற்க இடம் விட்டார்.