முதல் நாற்காலியின் மூச்சு

காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய பங்களாவை ஒரு நாள் வாடகைக்குப் பிடித்தது ஒலிப்பதிவாளன் டேரில்தான். ஒலிப்பதிவுக்காக ஜன்னல்களில் கம்பளி தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, ஃபிரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கிவிட்டான். வெளியே நல்ல வெயில். கூடத்துக்குள் மட்டும் இருட்டும் ஈர மரத்தின் வாடையும்.

நான்கு வயலின்கள். நால்வருமே ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்கள். அங்கே கையசைத்து நடத்த முன்னால் ஒருவர் நிற்பார். இங்கே அப்படி யாருமில்லை. முதல் நாற்காலிக்காரர் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார். அதைக் கேட்டு மற்ற மூவரும் ஒன்றாகத் தொடங்க வேண்டும்.

இப்போது முதல் நாற்காலி பிரிஜெட்டுடையது. போன வருஷம் வரை ஜோசஃபினுடையது. ஜோசஃபினுக்கு ஆஸ்துமா. கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு வாசிப்பாள். அவள் மூச்சு இழுத்தால் கூடம் முழுக்கக் கேட்கும். 'அந்த மூச்சு ரெக்கார்டிங்கையே கெடுக்கிறது, ஆளை மாற்றுங்கள்' என்று இசைத்தட்டு கம்பெனிக்கு ரகசியமாக எழுதியவள் பிரிஜெட். மாற்றிவிட்டார்கள். அந்த ஜூலை மழையிலேயே ஜோசஃபின் மூச்சுத் திணறிச் செத்துப்போனாள். அடக்கத்தில் எல்லோரையும் விட அதிகமாக அழுததும் பிரிஜெட்தான். வெட்கம்கெட்ட அழுகை.

எழுதியது யாரென்று வெளியே தெரிந்தால் நாற்காலி போவது இருக்கட்டும், நிக்கோலின் முகத்தில் விழிக்க முடியாது. இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த நிக்கோல், ஜோசஃபினின் தங்கை.

"ரயில் சத்தம் போயிடுச்சு. டேக் ஒண்ணு," என்றான் டேரில்.

பிரிஜெட் வில்லைத் தூக்கினாள். மூச்சை இழுக்கப் போனாள்.

அதற்குள் யாரோ இழுத்தார்கள்.

மூவரும் தொடங்கிவிட்டார்கள். அவள் மட்டும் பின்தங்கினாள்.

"என்ன அக்கா, நீங்களே மூச்சு குடுத்துட்டு நீங்களே லேட்டா?" நிக்கோல் சிரித்தாள். "ஸ்வல்ப, கொஞ்சம் பாத்துக்கோங்க."

இரண்டாவது டேக்கிலும் அதே கதை. மூன்றாவதில் பிரிஜெட் வேண்டுமென்றே மூச்சை அடக்கிக்கொண்டு சும்மா இருந்தாள்.

அப்போதும் கேட்டது. அவள் நாற்காலிக்குப் பின்னால், மிக அருகில்.

திரும்பிப் பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

நான்காவது டேக்கில் வேறு வழியில்லாமல் அந்த மூச்சைக் கேட்டே அவளும் தொடங்கினாள். நால்வரும் இவ்வளவு சேர்ந்து வாசித்ததே இல்லை.

டேரிலின் மேசையைச் சுற்றி நின்று பதிவைக் கேட்டார்கள்.

"வாசிப்பு சூப்பர்," என்றான் அவன். "ஆனா இந்த மூச்சு ஒரு மாதிரி இருக்கு. உள்ள இழுக்குறது மட்டும் கேக்குது. வெளிய விடுறது எங்கயுமே இல்ல. எடுத்துடவா?"

நிக்கோல் அசையாமல் நின்றாள்.

"எங்க ஜோசி அக்கா மாதிரியே இருக்கு," என்றாள் மெதுவாக. "எடுக்காதீங்க. ப்ளீஸ்."

எல்லோரும் பிரிஜெட்டைப் பார்த்தார்கள். முடிவு முதல் நாற்காலியுடையது. அந்த மூச்சு தட்டில் இருந்தால் நிக்கோல் அதைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். அக்காவை ஏன் மாற்றினார்கள் என்று ஒருநாள் கம்பெனியிடம் போய்க் கேட்பாள்.

"எடுத்துடு," என்றாள்.

டேரில் ஒரு பட்டனைத் தட்டினான். திரும்பப் போட்டுக் காட்டியபோது மூச்சு இல்லை. நிக்கோல் வயலின் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். மற்றவர்களும் டீ குடிக்கக் கிளம்பினார்கள்.

கூடத்தில் பிரிஜெட் தனியாக வயலினைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். தப்பித்தோம் என்றிருந்தது.

காதோரம் ஏதோ பட்டது.

சூடாக. ஈரமாக. நெடுநாள் அடக்கி வைத்த மூச்சை யாரோ மெல்ல மெல்ல வெளியே விட்டார்கள்.

கிராம்பு வாசனை.

கத்துவதற்காக பிரிஜெட் மூச்சை இழுக்கப் போனாள்.

அதற்குள் யாரோ இழுத்துவிட்டார்கள்.