கல்யாணத் தொப்பியும் மரமண்டையும்

"ஏழெட்டு எவ்வளவு?" என்று ஆசிரியை கேட்டதும் ஹெஸ்டர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள்.

"ஐம்பத்திநாலு!"

"சரியான மரமண்டை!" என்றான் பின்வரிசை பெர்சி. வகுப்பே சிரித்தது. ஹெஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அன்று மாலை அவள் தங்கள் தொப்பிக் கடையில் தனியாக இருந்தாள். லூட்டன் ஊரில் தெருவுக்குத் தெரு தொப்பிக் கடைதான். அம்மா, தைத்த தொப்பிகளைக் கொடுக்கப் போயிருந்தார்.

கதவு திறந்தது. அதே பெர்சி! கையில் சுருங்கிக் கோணிப்போன வைக்கோல் தொப்பி.

"அம்மாவோடது. மழையில நனைச்சுட்டேன். சீக்கிரம் காயட்டும்னு எங்க ரொட்டி அடுப்பு மேல வச்சேன். இப்படி ஆயிடுச்சு. நாளைக்கு அக்கா கல்யாணம். அம்மாகிட்ட வேற தொப்பியே கிடையாது, ஹெஸ்டர்!"

'நல்லா வேணும்' என்று நினைத்தாள் ஹெஸ்டர். ஆனால் பெண்கள் எல்லோரும் தொப்பியோடு வரும் தேவாலயத்தில் அவன் அம்மா மட்டும் வெறுந்தலையோடு கூனிக்குறுகி நிற்பதை நினைத்ததும் மனசு கேட்கவில்லை.

"கவலைப்படாத. ஆவி காட்டி, மரமண்டையில மாட்டினா சரியாயிடும்."

"எதுல?"

அவள் அலமாரியைக் காட்டினாள். வரிசையாக மரத் தலைகள். கண் இல்லை, மூக்கு இல்லை.

"தொப்பி ஊர்ல இருந்துக்கிட்டு இது தெரியாதா? இந்தத் தலையப் பார்த்துதான் அந்தக் காலத்துல 'மரமண்டை'ன்னு திட்ட ஆரம்பிச்சாங்க. உள்ள மூளை இல்லையாம்! ஆனா இது இல்லாம ஒரு தொப்பியும் உருப்படாது."

பெர்சியின் காதுகள் சிவந்தன.

"உங்கம்மா தலை எவ்வளவு பெருசு?"

அவன் கைகளை விரித்துக் காட்டினான். பூசணிக்காய் அளவு வந்தது.

"அட போடா! இந்தத் தொப்பிய நீ எப்பவாவது போட்டுப் பார்த்திருக்கியா?"

பெர்சி நெளிந்தான். "ஒரே ஒரு தடவை. கச்சிதமா இருந்துச்சு. யார்கிட்டயும் சொல்லிடாத!"

ஹெஸ்டர் சிரித்தபடியே அவன் தலையை நாடாவால் அளந்தாள். அதே அளவில் ஒரு மரத் தலையை எடுத்தாள். கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் வைக்கோல் இளகியதும் தொப்பியை அந்த மரத் தலையில் இழுத்து மாட்டி, கயிற்றால் கட்டினாள். காய்ந்து கழற்றியபோது தொப்பி புதுசு போல் இருந்தது.

கல்யாணம் முடிந்ததும் பெர்சி மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் இரண்டு துண்டு கேக்.

"ஒண்ணு உனக்கு. இன்னொண்ணு மரமண்டைக்கு."

"ஐயோ, அது எப்படிடா சாப்பிடும்?"

"இப்படித்தான்" என்று பெர்சி அந்தத் துண்டைத் தன் வாயில் போட்டுக்கொண்டான்.